கொஞ்சம் பளிச்சுன்னு

அண்ணனூர் ஸ்டேஷனில் இறங்கி, மின்சார ரயில்களை நிறுத்துகிற கார் ஷெட் மதிலை ஒட்டியே நடந்தால், மதில் முடிகிற இடத்தில் ஒரு ஸ்டுடியோ இருக்கிறது. பெயருக்குத்தான் ஸ்டுடியோ. பாஸ்போர்ட் படம் எடுக்க ஒரு ஸ்டூலும் நீலத் திரையும் உண்டு. மற்றபடி காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று மனிதர்களுக்கு வருகிற அத்தனைக்கும் பேனர் செய்து தருகிற கடை. முதலாளி செங்கல்வராயன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவள் சித்ரா.

சித்ராவின் வேலையில் பிசகு இருக்காது என்று ஆவடி வரைக்கும் பெயர். பேனரில் தாய்மாமன் தலை பெரியப்பா தலையைவிட ஒரு நூல்கூடப் பெரிதாகிவிடக் கூடாது. ஆகிவிட்டால் இரண்டு வீடுகள் பேச்சு வார்த்தை இல்லாமல் போகும். யார் எந்த வரிசை, யார் பக்கத்தில் யாரை வைக்கக் கூடாது என்றெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டுதான் அவள் மவுஸைத் தொடுவாள். அதற்குப் பிறகு முகங்கள்.

முகங்களைப் பற்றி யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சொன்னாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: "கொஞ்சம் பளிச்சுன்னு போட்டுடும்மா." சிவப்பாக்கு என்று ஒருவரும் சொன்னதில்லை. அந்த ஒரு வேலைக்கென்றே அவள் கீபோர்டில் ஒரு பட்டனை அமைத்து வைத்திருந்தாள். எஃப் நைன். ஒரு தடவை அமுக்கினால் தோல் மட்டும் வெளுக்கும். முடியும் புருவமும் அப்படியே நிற்கும். மூக்கின் இரு பக்கமும் இருக்கிற நிழல் போகும். மாப்பிள்ளைக்கு ஒரு அமுக்கு, பெண்ணுக்கு இரண்டு. செத்தவர்களுக்கும் அதே பட்டன்தான். ஒருமுறை அயப்பாக்கத்திலிருந்து வந்த ஒருவர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, இது எங்கம்மா மாதிரியே இல்லியே" என்றார். கூட வந்த தம்பி, "கம்னு இரு நைனா, போற எடத்துக்காவது கலரா போவட்டும்" என்றான். அழுத கண்ணோடு அண்ணனும் சிரித்துவிட்டார். போஸ்டர் அப்படியே போனது.

சித்ராவுக்கு அதில் தப்பு எதுவும் தெரிந்ததில்லை. முகத்தைப் பளிச்சென்று பார்க்கிறபோது வருகிற சந்தோஷத்தை அவள் எத்தனை பேர் கண்ணில் பார்த்திருக்கிறாள்.

ப்ளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள் அவள். அப்பா பரந்தாமன் ஆவடி டாங்கி ஃபேக்டரியில் ஃபிட்டர். அவருக்கு முதுகில் ஆபரேஷன் நடந்த வருஷம், வீட்டுக்கு இன்னொரு சம்பளம் தேவைப்பட்டது. டி.டி.பி. கற்றுக்கொண்டு வேலைக்கு வந்தாள். அதைப் பற்றி அவள் குறை பேசி யாரும் கேட்டதில்லை. தான் நின்ற இடத்திலிருந்து தங்கை கவிப்பிரியா போகட்டும் என்பதுதான் அவள் கணக்கு. தங்கையும் போனாள். பள்ளியில் முதல், இப்போது பூந்தமல்லி பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டாம் வருஷம், பேச்சுப் போட்டி என்றால் வீட்டில் வைக்க இடமில்லாத அளவுக்குக் கோப்பைகள். கடைக்கு வருகிறவர்களிடம் சித்ரா பேச்சோடு பேச்சாக, "எந்தங்கச்சி நேத்து..." என்று ஆரம்பிக்காத நாள் கிடையாது. செங்கல்வராயன் கேலி செய்வார். "உன் தங்கச்சிக்கு ஒரு பேனர் அடிச்சு வாசல்ல கட்டிடு சித்ரா. தெனம் சொல்ற வேல மிச்சம்."

அக்கா அம்மாவின் நிறம். தங்கை அப்பாவின் நிறம், அதிலும் ஒரு படி கூட. அவர்கள் குடியிருந்த ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் திருநெல்வேலி, சேலம், வேலூர் என்று எல்லா ஊர்க் குடும்பங்களும் இருந்தன. எல்லா ஊர்க்காரர்களும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே மாதிரி கேட்டார்கள்: "ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததா?" கவி பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்கள் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "கலர் கம்மி. பரவால்ல, வளர வளர மாறிடும்" என்றார்கள். ஏழு வயதுச் சித்ரா அதை நம்பினாள். தினமும் பள்ளிவிட்டு வந்ததும் தொட்டிலில் எட்டிப் பார்த்தாள்.

மாறவில்லை. அதனால் சித்ரா தன்னால் ஆனதைச் செய்தாள். கடலைமாவில் தயிர் குழைத்துப் பூசினாள். வெயிலில் ஓடாதே என்றாள். துணி எடுக்கப் போனால் அடர்ந்த நிறங்களைத் தங்கையின் கையிலிருந்தே பிடுங்கி ஓரமாக வைத்தாள். எல்லாம் பாசம். யாரும் தங்கையை ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்கிற ஒரே கவலை.

சொன்னார்கள்தான். ஆறாம் வகுப்பில் ஆண்டு விழாவுக்கு 'உலக நாடுகள்' என்று ஒரு நிகழ்ச்சி. வகுப்பிலேயே நன்றாக ஆடுகிறவள் கவி. அவளை ஆப்பிரிக்கா ஆக்கினார்கள். இடுப்பில் வைக்கோல், கையில் அட்டை ஈட்டி. "இவளுக்கு மேக்கப் செலவே இல்ல" என்று டீச்சர் சொல்ல, மற்ற அம்மாக்கள் சிரித்தார்கள். சித்ராவும் அங்கே இருந்தாள்.  டீச்சரைக் கேட்க வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து அழுத தங்கையைத் தேற்றவும் வார்த்தை கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் ஸ்டுடியோ வேலைக்குப் போன புதிதில் அவள் முதலில் செய்த காரியம், அந்த விழாப் படத்தை எடுத்துக்கொண்டு போய், தங்கையின் முகத்தை வெளுக்க வைத்து, சட்டம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்ததுதான்.

"பாரு பாப்பா, எவ்ளோ லட்சணமா இருக்கே."

கவி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யாருக்கா இது?" என்றாள்.

சித்ரா அதை விளையாட்டுப் பேச்சு என்றே எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து தங்கையின் எந்தப் படமும் அவள் கை படாமல் வெளியே போனதில்லை. பள்ளிக்குக் கொடுத்த படம்கூட. ப்ளஸ் டூ பரீட்சையில் அறைக் கண்காணிப்பாளர் ஹால் டிக்கெட் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்து, "இது நீதானாம்மா? இல்ல உனக்குப் பதிலா வேற யாராவது எழுத வந்துருக்காங்களா?" என்று கேட்டு, பக்கத்து அறை வாத்தியாரையும் கூப்பிட்டுக் காட்டியதை, கவி வீட்டில் சொல்லவேயில்லை.

கல்லூரியில் இரண்டாம் வருஷத்துக்கு வந்தபிறகுதான் கவி அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தை ஆரம்பித்தாள். குவார்ட்டர்ஸ் பாட்மின்டன் கொட்டகையில் ஏழெட்டுப் பேர். கூட்டத்துக்கு 'மனம் விட்டு' என்று பெயர். நிறத்துக்காக, மதத்துக்காக, ஊருக்காக, பேச்சுக்காகத் தன்னை யார் என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேட்க வேண்டும். ஒரே ஒரு விதி: "தமாஷுக்குத்தான சொன்னேன்" என்று யாராவது வாய் தவறிச் சொன்னால், அன்றைக்கு எல்லாருக்கும் அவர்தான் பஜ்ஜி வாங்க வேண்டும். முதல் மாதம் முழுக்க, கூட்டத்துக்கு வந்த விஷ்ணு என்கிற பையன் செலவில் பஜ்ஜி ஓடியது.

ஒரு சனிக்கிழமை சித்ரா ஃப்ளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு போனாள். கொட்டகையின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டாள். பிபின் என்று ஒரு பையன். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்கு வந்த பீகார்க்காரர், பையன் பிறந்ததே இங்கேதான்.

"டேய் பீகாரி, அந்த சேர இப்டி தள்ளு" என்றான் விஷ்ணு.

"பேர சொல்லு. தள்றேன்."

"இன்னா மச்சான் புச்சா கீது? பாசத்துலதான கூப்டறேன்."

"நீ பாசமா கூப்டற மாமே. பஸ்ல நாலு பேரு திரும்பிப் பாக்கறான் பாரு, அவனுக்கு பாசம் கெடயாது. அன்னிக்கி ஸ்டேஷன்ல ஒருத்தன் பர்ச காணோம்னு சொன்னதும், மொதல்ல யார் கைய புட்ச்சான்?"

விஷ்ணு முகம் மாறியது. "நானும்தானடா கூட இருந்தேன்."

"இருந்த. அவன் எம்பைய பிளாட்பாரத்துல கொட்டச்சொல்ல, நீ செல்லு பாத்துகினு இருந்த."

 கொட்டகைத் தகரத்தில் ஒரு காக்கை நடக்கிற சத்தம் கேட்டது. விஷ்ணு வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, "பயந்துட்டேன்டா. எம்பையயும் கொட்டுவானோன்னு" என்றான். பிபின் தலையை ஆட்டினான். மன்னித்தானா இல்லையா என்று தெரியவில்லை. நாற்காலியை மட்டும் தள்ளிக் கொடுத்தான்.

அடுத்து சபீனா. முகப்பேரில் அவள் குடும்பம் வாடகைக்கு வீடு பார்த்த கதை. "போர்டு தொங்குது. போன்ல எல்லாம் பேசி முடிச்சாச்சு. நேர்ல போனா அம்மா முக்காட்ட பாத்துட்டு, 'அய்யோ, இப்பத்தாம்மா குடுத்துட்டோம்'ங்கறாங்க. மறுநாளும் அதே போர்டு அங்கயே தொங்குது. காத்துல ஆடிக்கிட்டு, டாட்டா காட்ற மாதிரி." எல்லாரும் சிரித்தார்கள். சபீனாவும் சிரித்தாள். பிறகு முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாரும் சொல்லியாச்சு. உன்னோடது எப்போடி கவி?" என்றாள்.

"சொல்றேன். இன்னும் சரியா வார்த்த அமையல."

சித்ராவுக்குப் பெருமை தாங்கவில்லை. தன்னால் அந்த டீச்சரிடம் கேட்க முடியாததை இந்தப் பிள்ளைகள் எப்படி உட்கார வைத்துப் பேசுகிறார்கள். ஆப்பிரிக்கா கதையைத்தான் தங்கை சொல்லப் போகிறாள்; அன்றைக்கு முதலில் கைதட்டுவது தானாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

கூட்டத்தைப் பற்றி முகப்பேரில் ஒரு குடியிருப்போர் சங்கத்துக்குச் செய்தி போயிற்று. தலைவர் மனோகரன் உற்சாகமான மனிதர். தங்கள் சங்க மண்டபத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டமாக நடத்துங்கள், ஊரே வந்து கேட்கட்டும் என்றார். தலைப்பும் அவரே வைத்தார்: 'நிறம், இனம், நாம்.' மேடையில் மூன்று பேர் பேசுவது என்று முடிவாயிற்று. பிபின், சபீனா, கடைசியாகக் கவிப்பிரியா. பேனர் சித்ராவின் பொறுப்பு.

கவி படங்களை போனில் அனுப்பிவிட்டு, அதற்காகவே கடைக்கும் வந்தாள். அவள் படத்தை சபீனா எடுத்திருந்தாள். கொட்டகைக்கு வெளியே உச்சி வெயில். கவி கண்ணைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டு எதையோ சொல்ல வருகிறவள் மாதிரி நின்றாள்.

"அக்கா. இத அப்படியே போடு."

"சரி."

"சரின்னா? ஒண்ணும் பண்ணக் கூடாது. நான் எப்படி இருக்கேனோ அப்படி."

"சரிடி. தொட மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியம். போ, க்ளாசுக்கு நேரமாகுது."

செங்கல்வராயன் சிரித்தார். "பாத்தும்மா, உங்கக்கா வெரலு தூக்கத்துல கூட எஃப் நைன அமுக்கும்."

சித்ரா சத்தியத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் வேலையை ஆரம்பித்தாள். எழுத்துகளை அமைத்தாள், ஓரம் கட்டினாள், மூன்று முகங்களையும் ஒரே அளவில் வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். சபீனா வெள்ளை. பிபின் கோதுமை. மூன்றாவதாகத் தங்கை. தனியாகப் பார்க்கிறபோது நன்றாக இருந்த படம், இரண்டு பேர் பக்கத்தில் வைத்ததும் குறைந்து போனாற்போல் இருந்தது. முகப்பேர் மண்டபம், காரில் வருகிற ஜனங்கள். முதல் வரிசையில் இருப்பவர்கள் பேனரைப் பார்த்ததும் என்ன பேசிக்கொள்வார்கள் என்று அவளுக்கு எழுத்து எழுத்தாகத் தெரியும். தங்கை வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே பேசிவிடுவார்கள்.

அதோடு வேறொன்றும் நினைவுக்கு வந்தது. ஃப்ளெக்ஸ் அச்சில் எந்தப் படமும் ஒரு படி கறுத்துத்தான் வரும். திரையில் இருக்கிற மாதிரியே அனுப்பினால் தங்கை உள்ளதைவிடக் கறுப்பாகத் தெரிவாள். அதைச் சரிக்கட்டுவது தொழில். அதைப் போய்ப் 'பண்ணுவது' என்று சொல்ல முடியுமா? அப்படியே இருக்க வேண்டும் என்றுதானே கேட்டாள். அப்படியே இருப்பதற்காகத்தான் இது.

எஃப் நைனை அமுக்கினாள். பிறகு அதன் அளவைப் பாதியாகக் குறைத்தாள். நாற்காலியைத் தள்ளிப்போட்டுத் தூரத்திலிருந்து பார்த்தாள். மூன்று முகமும் ஒரு குடும்பம் மாதிரி இருந்தது. அம்பத்தூர் பிரஸ்ஸுக்கு அனுப்பிவிட்டாள்.

பிரஸ்ஸில் அன்றைக்குப் புது மை மாற்றியிருந்தார்கள். ஒன்றும் கறுக்கவில்லை.

ஞாயிறன்று மாலை பிபின்தான் மண்டபத்தில் ஏணி போட்டு ஏறி, சுருட்டி வந்த பேனரை மேடைக்குப் பின்னால் கட்டினான். ஒரு பக்கம் கட்டி, மறுபக்கம் இழுத்தபோது முகங்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. சபீனா. பிபின். மூன்றாவது முகம் விரிந்ததும் அவன் கை ஒரு கணம் நின்றது. கீழே நின்ற கவியைத் திரும்பிப் பார்த்தான்.

கவி பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொட்டகை வெயில் அதில் இல்லை. கண்ணைச் சுருக்கியிருந்த பெண் இருந்தாள், ஆனால் அவள் எதையும் சொல்ல வருகிறவளாகத் தெரியவில்லை. சபீனாவின் தங்கை என்று சொல்லலாம்.

பின் வரிசையில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையன்களில் ஒருவன், "மச்சான், பேசப் போறவங்க வேற, பேனர்ல கீறவங்க வேறயா?" என்றான். இன்னொருவன், "இது வெயிலுக்கு முன்ன, அது வெயிலுக்கு அப்பறம்டா" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். மண்டபம் சின்னது.

"கழட்டிடலாமா?" என்றாள் சபீனா. "ஒரு சாலப் போட்டு மூடிடலாம்டி."

"வேணாம். இருக்கட்டும்" என்றாள் கவி.

சித்ரா இதைக் கேட்கவில்லை. அவள் அப்போதுதான் குவார்ட்டர்ஸிலிருந்து பக்கத்து வீட்டு அக்காக்கள் நான்கு பேரையும், அப்பா அம்மாவையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே வந்ததும் பேனரைப் பார்த்தாள். அச்சில் ஒன்றும் கறுத்திருக்கவில்லை. ஆனால் கூட வந்தவர்கள், "நம்ம கவியா இது! சினிமாக்காரி மாதிரி கீறாளே!" என்றதும் கவலை கொஞ்சம் இறங்கியது. மூன்றாம் வரிசையில் நடுவில் உட்கார்ந்தாள். அங்கிருந்துதான் கைதட்டல் நன்றாகக் கேட்கும்.

பிபின் பேசினான், சபீனா பேசினாள். சனம் தட்டியது. கவி மைக்கைப் பிடித்தபோது பேனரில் இருந்த அவள் முகம் சரியாக அவள் தலைக்கு மேலே வந்தது. பின் வரிசையில் சிரிப்பு.

"சிரிங்க" என்றாள் கவி. "நானும் கீழ நின்னு பாத்து சிரிச்சுக்கிட்டுதான் வந்தேன். மேல இருக்கறதும் நான்தான், கீழ இருக்கறதும் நான்தான்."

மண்டபம் அடங்கியது. அவள் ஆப்பிரிக்கா கதையைச் சொன்னாள், ஆனால் அதோடு நிற்கவில்லை.

"அந்த டீச்சர் மேல எனக்குக் கோவம் இருந்துச்சு. அது சீக்கிரம் போயிடுச்சு. அவங்க எனக்கு யாரு? பஸ்ல சொல்றவன், க்ளாசுல சொல்றவன், அவனுக்கெல்லாம் பதில் சொல்லப் பழகிட்டேன். ஆனா வீட்டுல என்னைக் கறுப்புன்னு ஒரு தடவகூட சொல்லாதவங்க ஒருத்தர் இருக்காங்க. அவங்களுக்குத்தான் என்னால பதில் சொல்ல முடியல. எனக்காக அடிச்சுக்குவாங்க. எனக்காகப் படிப்ப விட்டாங்க. ஆனா எம்மூஞ்சிய மட்டும், ஒரே ஒரு தடவகூட, இருக்கற மாதிரி விட்டதில்ல. பரீட்ச ஹால்ல என்னைப் பாத்து, 'இது நீதானா'ன்னு கேட்டாங்க. எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. ஏன்னா அந்தப் படத்துல இருந்தது நான் இல்ல. எங்க வீட்டுல எல்லாருக்கும் புடிச்ச இன்னொரு பொண்ணு. நான் பொறந்ததுலேர்ந்து அந்தப் பொண்ணு எப்போ வருவாள்னு காத்துக்கிட்டு இருக்காங்க."

கொஞ்சம் நிறுத்தினாள்.

"இந்தப் படத்தையாவது தொடாதேன்னு கேட்டேன். சத்தியம் பண்ணாங்க. நேசம் இல்லாதவங்க சொன்னா துடைச்சிட்டுப் போயிடலாம். இத எங்க போய்த் துடைக்கறது?"

அக்கா என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. சித்ராவை ஒட்டி உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு அக்கா காதருகே குனிந்து, "உன்னயா சொல்றா சித்ரா?" என்றாள். முன் வரிசையில் இரண்டு தலைகள் திரும்பின. பிறகு கைதட்டல் எழுந்தது. மண்டபமே எழுந்து நின்று தட்டியது. உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காது என்று சித்ராவும் எழுந்து தட்டினாள். முதலில் தட்ட வேண்டும் என்று வைத்திருந்தவள், கடைசியாகத் தட்டினாள்.

மனோகரன் மேடையேறி, கண் கலங்கி, இந்தத் துணிச்சல்தான் நாட்டுக்குத் தேவை என்றார். மூவருக்கும் சால்வை போர்த்தினார். போட்டோ எடுக்க எல்லாரும் நெருங்கி நின்றபோது, படம் எடுப்பவனைப் பார்த்து, "தம்பி, ஃப்ளாஷ போட்டு எடுப்பா. கடசில நிக்கற பாப்பா இருட்டுல தெரியாமப் போயிடப் போவுது" என்றார். கைதட்டிய அதே ஆட்கள் சிரித்தார்கள். பிபின் சிரிக்கவில்லை. விஷ்ணு கீழேயிருந்து, "சார், இப்பத்தான சார் பேசி முடிச்சோம்" என்றான். "அட, தமாஷுக்குப்பா" என்றார் மனோகரன். பஜ்ஜி வாங்கித் தரச் சொல்ல அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

  மறுநாள் காலை தலை பின்னிக்கொண்டிருந்த தங்கையிடம் சித்ரா போய் நின்றாள்.

"ஊரக் கூட்டி வச்சுத்தான் சொல்லணுமா? எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனேக்கா. கடைக்கு வந்து சொன்னேன்."

"பிரிண்ட்ல கறுத்துடும்னுதான்டி..."

"கறுத்தா என்ன?"

  அந்தக் கேள்வியை அதுவரை யாரும் சித்ராவிடம் கேட்டதில்லை.

"நான் உனக்காக எவ்ளோ..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும். அதான் இவ்ளோ வருஷம் வாயத் தொறக்கல." கவி பின்னலை முடிச்சுப் போட்டாள். "கோவத்துல சொல்லலக்கா. நீ வேணும்னு பண்றவ இல்லன்னு தெரியும். அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு."

அந்த வாரமே மனோகரன் ஸ்டுடியோவுக்கு ஆள் அனுப்பினார். மேடையில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, பேசிய மூவருக்கும் சங்கத்துக்கும் ஒவ்வொன்று தர வேண்டுமாம். வந்தவர் போகிறபோது சொன்னார்: "எல்லாரையும் கொஞ்சம் பளிச்சுன்னு போட்டுடும்மா."

படம் திரையில் விரிந்தது. ஓரத்தில் கவி, தோளில் சால்வை, கண்ணில் ஃப்ளாஷ் வெளிச்சம். பேசிக் களைத்த முகம். வியர்வை பளபளக்கிற கறுப்பு. சித்ரா வெகுநேரம் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் தங்கையின் முகத்தை இப்படி ஒன்றும் செய்யாமல் சும்மா பார்த்ததில்லை என்று தோன்றியது. அப்பாவின் நெற்றி. மேல் உதட்டுக்கு மேலே ஒரு மச்சம். ஒவ்வொரு தடவையும் எஃப் நைனில் கரைந்து போய்விடுகிற மச்சம். அவள் கை அந்தப் பட்டன் பக்கம் போகவில்லை. போகாமல் வைத்திருக்கச் சிரமப்பட வேண்டியிருந்தது. அப்படியே பிரிண்ட் போட்டாள். நான்கு பிரதிகள்.

ஆள் மாலையில் வந்து பார்த்தார். "இன்னாம்மா, வேலையே செய்யலயா? தலைவரு மூஞ்சி பாரு, அடுப்புல வச்ச மாதிரி கீது."

"இதான் சார் நல்லா இருக்கு. உள்ளபடி இருக்கு."

"உள்ளபடி பாக்கறதுக்கு எதுக்கும்மா ஸ்டுடியோ?"

செங்கல்வராயன் இருவரையும் பார்த்தார். வாடிக்கைக்காரர், சங்கம், அடுத்த வருஷத்து விழாக்கள். "நவுரு சித்ரா" என்று நாற்காலியில் உட்கார்ந்தார். பட்டன் எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. மனோகரனுக்கு ஒரு அமுக்கு, சபீனாவுக்கு ஒன்று, பிபினுக்கு ஒன்று. கவிக்கு இரண்டு. மச்சம் போயிற்று. புது பிரிண்ட் வந்ததும், பழையவற்றைக் கவிழ்த்துப் போட்டு, அவற்றின் மேலேயே சட்டத்துக்கான அட்டையை வைத்து பிளேடால் வெட்டினார். எப்போதும் அப்படித்தான், மேசை கெடாமல் இருக்க வீணான பிரிண்டுகளைத்தான் அடியில் போடுவார். வெட்டி முடித்தபோது சித்ரா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். தங்கை பட்டை பட்டையாகக் கையில் வந்தாள். குப்பைக் கூடையில் போட்டாள்.

"உங்கூட்டுக்கு ஒண்ணு நீயே எட்த்துகினு போயிடு. தனியா ஆளனுப்ப வேணாம்" என்றார் செங்கல்வராயன்.

செய்தித்தாளில் சுற்றிய சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு சித்ரா வீட்டுக்கு வந்தாள். கவி சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் போகச் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். தாளைப் பிரித்தாள். பார்த்தாள்.

"நான் பண்ணல கவி" என்றாள் சித்ரா. "நான் அப்படியேதான் போட்டேன். அவருதான்..."

கவி நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் சித்ரா தாங்கியிருப்பாள். தங்கையின் முகத்தில் இருந்தது இரக்கம்.

"விடுக்கா. பழக்கம்தான. ஒரே நாள்ல போயிடுமா?"

"சத்தியமா கவி."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வந்தது சித்ராவுக்கு உறைத்தது.  கவி சட்டத்தை டிவிக்குப் பக்கத்தில், கோப்பைகளுக்கு நடுவில், நேராக நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து வைத்தாள். பிறகு, "டீ வேணாம்னுட்டாங்க, அக்கா. அங்கயே போட்டுக்கறோம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

சமையலறை மேடையில் சித்ரா காலையிலேயே கழுவிக் கவிழ்த்து வைத்த ஃப்ளாஸ்க் இருந்தது. டிவி பக்கத்திலிருந்து அந்தப் பெண், வீட்டில் எல்லாருக்கும் பிடித்த அந்தப் பெண், பளிச்சென்று பார்த்துக்கொண்டிருந்தாள்.